சந்தையில் ஒரு சோதனை: இளையோரின் கொடுக்கல் வாங்கலும் ஃபிக்ஹு மரபும்

ஷாஃபிஈ மத்ஹபின் கிதாபுகளை ஓதியவர்களுக்கு ‘ஹஜ்ர்’ பாடம் நினைவிருக்கும். தன் பொருளைத் தானே கையாளும் உரிமை யாருக்கு நிறுத்தி வைக்கப்படுகின்றது, எப்போது அது திருப்பித் தரப்படுகின்றது என்பதைப் பேசும் பாடம் அது. தொழுகை, நோன்பு, ஸகாத் என்று நின்று நிதானித்து ஓதிக் கொடுக்கும் உஸ்தாதுமார்கள், ஆண்டின் கடைசி நாட்கள் நெருங்கும் வேளையில் வியாபாரப் பாடங்களை ஓட்டமாக முடிப்பது வழக்கம். அந்த ஓட்டத்தில் அடிபட்டுப் போகும் ஒரு சிறு பகுதியே இக்கட்டுரைக்குக் காரணம்.

அந்நிஸா அத்தியாயத்தின் 6 ஆவது வசனம் அநாதைகளின் பொறுப்பாளர்களை நோக்கிப் பேசுகின்றது. பிள்ளைகள் திருமணப் பருவத்தை அடையும் வரை அவர்களைச் சோதித்து வர வேண்டும். அவர்களிடம் தெளிவைக் கண்டால் சொத்தை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்கையில் சாட்சி வைத்துக்கொள்ள வேண்டும். வயது வந்தால் மட்டும் போதும் என்று வசனம் சொல்லவில்லை. வயதோடு ‘ருஷ்து’ எனும் தெளிவும் வேண்டும். அது இருக்கின்றதா என்பதைச் சோதித்து அறிய வேண்டும். அப்படியானால் எங்கே சோதிப்பது, எதைக் கொண்டு சோதிப்பது? இக்கேள்விக்கு ஃபுகஹாக்கள் தந்த பதில் நம்மை நேரே கடைத்தெருவுக்கு அழைத்துச் செல்கின்றது.

இமாம் நவவி (ரஹ்) (ஹி. 631 – 676 / கி.பி. 1233 – 1277) தமது ‘மின்ஹாஜுத் தாலிபீன்’ நூலில், பிள்ளையின் குடும்பத் தொழிலுக்கு ஏற்பச் சோதனை வேறுபடும் என்கின்றார். வணிகரின் மகனை வாங்கல் விற்றலிலும் அதில் பேரம் பேசுவதிலும் சோதிக்க வேண்டும். விவசாயியின் மகனை வேளாண்மையிலும், வேலையாட்களுக்குச் செலவழிப்பதிலும் சோதிக்க வேண்டும். கைத்தொழிலாளியின் மகனை அத்தொழிலுக்கு வேண்டியவற்றில் சோதிக்க வேண்டும். பெண் பிள்ளைக்கு நூல் நூற்பதும் பஞ்சும் பற்றிய சோதனை. அத்துடன் உணவைப் பூனை முதலியவற்றிடமிருந்து காப்பதும் அதில் அடங்கும். பூனையைப் பற்றிய இவ்வரி வந்ததும் மாணவர்கள் சிரிப்பார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் திமிஷ்க் நகரத்து வீட்டின் வாசனை அந்த வரியில் இருக்கின்றது, அவ்வளவே. ஊருக்கும் தொழிலுக்கும் வழக்கத்துக்கும் ஏற்பச் சோதனை மாறும் என்று அதே பத்தி அடிப்படையை வகுத்து விடுவதால், இன்று தன் பெயரில் வங்கிக் கணக்கு வைத்திருக்கும் பெண் பிள்ளையை எதில் சோதிப்பது என்பதற்கும் விடை அங்கேயே கிடைத்து விடுகின்றது.

சோதனையின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. பாலிகு ஆவதற்கு முன்னரே சோதிக்க வேண்டும் என்பதே மத்ஹபில் வலுவான கூற்று. ஆனால் பாலிகு ஆகாத பிள்ளையின் வியாபார ஒப்பந்தம் ஷாஃபிஈகளிடம் செல்லாதே! இம்முடிச்சை அவிழ்த்த விதம் நேர்த்தியானது. பிள்ளை கடைக்குப் போவான், பொருளைப் பார்ப்பான், விலை கேட்பான், பேரம் பேசுவான். பேச்சு முடிந்து ஒப்பந்தம் செய்யும் கட்டம் வந்ததும் வலீயாகிய பொறுப்பாளர் அதைச் செய்து முடிப்பார். இதற்கெனப் பிள்ளையின் சொத்திலிருந்து சிறிது பணம் அவன் கையில் தரப்படும். அப்பணம் அவன் கையில் இருக்கையில் அழிந்து போனால் வலீ ஈடு செய்ய வேண்டியதில்லை என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். கொடுத்துச் சோதிக்குமாறு அவர் பணிக்கப்பட்டவர் அல்லவா? கற்றலில் நேரும் நட்டத்துக்குச் சட்டமே இடம் வைத்திருப்பதை இங்கு காண்கின்றோம்.

ஹனஃபிகள் இன்னும் ஒருபடி மேலே செல்கின்றனர். பகுத்தறியும் பருவத்தை எட்டிய சிறுவன், அதாவது ‘முமய்யிஸ்’, செய்யும் வியாபாரம் வலீயின் அனுமதியோடு செல்லும். வியாபாரம் செய்து பழகுமாறு வலீ அவனுக்கு முன்கூட்டியே அனுமதி தரலாம். முமய்யிஸ் யார் என்பதற்கு, 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசில் தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ சட்டக்கோவை தரும் இலக்கணம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. விற்றால் பொருள் கையைவிட்டுப் போகும், வாங்கினால் பொருள் கைக்கு வரும் என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும். பத்துக்கு ஐந்து ஏமாற்றப்படுவது போன்ற அப்பட்டமான நட்டத்தையும் சிறு நட்டத்தையும் வேறுபடுத்தத் தெரிந்திருக்க வேண்டும். ஏமாற்றப்படுவதை உணரும் திறன், ஒரு மனிதனின் அறிவு முதிர்ச்சிக்கு அளவுகோலாக இங்கு வைக்கப்பட்டுள்ளது.

மின்ஹாஜ் இதே கருத்தை மறுபக்கத்திலிருந்து சொல்கின்றது. பொருளை விரயம் செய்பவன் யார் என்று விளக்குகையில், கடலில் பணத்தை எறிபவனோடும் ஹராமில் செலவழிப்பவனோடும் சேர்த்து, கொடுக்கல் வாங்கலில் பெரும் ஏமாற்றத்தைச் சகித்துக்கொள்பவனையும் நவவி இமாம் வரிசைப்படுத்துகின்றார். நல்ல உணவுக்கும் உடைக்கும் தன் தகுதியை மீறிச் செலவிடுவது கூட, வலுவான கூற்றின்படி அவ்வரிசையில் சேரவில்லை. கேள்வி கேட்காமல் ஏமாறுவது சேர்ந்துவிட்டது! “பத்து ரூபாய் தானே, போகட்டும்” என்று பிள்ளைகளின் முன்னிலையில் பெருந்தன்மை காட்டும் நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அறிந்து விட்டுக்கொடுப்பது வேறு. அறியாமல் இழப்பது வேறு.

ஏமாறுபவரின் வாயில் ஒரு சொல்

நம்முடைய மக்தபுகளில் நேர்மையைப் போதிக்கும் கதை பெரும்பாலும் பாலில் தண்ணீர் கலக்க மறுத்த இளம்பெண்ணின் கதையாகவே இருக்கின்றது. உமர் (ரலி) காணவில்லை என்றாலும் இறைவன் காண்கின்றான் என்று தாய்க்கு விடை சொன்ன பெண். பின்னாளில் உமர் இப்னு அப்துல் அஸீஸின் பாட்டியாகும் பேறு பெற்றவர் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதும் பெண். அழகிய கதைதான். ஆனால் அது விற்பவருக்கான பாடம். வகுப்பில் அமர்ந்திருக்கும் முப்பது பிள்ளைகளில் பால் விற்கப் போகிறவர் ஒருவரோ இருவரோ; பால் வாங்கப் போகிறவர்கள் முப்பது பேரும்! வாங்குபவருக்கு மார்க்கம் என்ன கற்றுத் தந்தது என்பதை நாம் சொல்வதில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம், வியாபாரத்தில் அடிக்கடி ஏமாற்றப்படும் ஒரு தோழரைப் பற்றிக் கூறப்பட்டது. அவரைச் சந்தைக்குப் போகாதே என்று நபியவர்கள் தடுத்து நிறுத்தி விடவில்லை. வாங்கும்போது ‘லா ஃகிலாபா’, அதாவது ஏமாற்று வேலை கூடாது, என்று சொல்லிவிடுமாறு பணித்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெறும் செய்தி இது. அவருக்கு மூன்று நாள் யோசித்து முடிவெடுக்கும் உரிமையும் தரப்பட்டதாக வேறு அறிவிப்புகளில் வந்துள்ளது. பலவீனமான வாங்குநரின் நாவில் ஒரு சொல்லைக் கொடுத்து, அச்சொல்லுக்குச் சட்ட வலுவையும் கொடுத்த நிகழ்வு அது. உணவுத் தானியக் குவியலுக்குள் கையை விட்டு ஈரத்தைக் கண்டறிந்து, மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்ட செய்தி அனைவரும் அறிந்ததே. அதில் மோசடியைக் கண்டிப்பது எவ்வளவு முக்கியமோ, கையை உள்ளே விட்டுப் பார்த்ததும் அவ்வளவு முக்கியம்.

ஃபிக்ஹில் ‘ஃகியார்’ எனப்படும் மீட்பு உரிமைகள் இவ்வடிப்படையில் எழுந்தவையே. பேசிய இடத்தைவிட்டுப் பிரியும் வரை முறித்துக்கொள்ளும் உரிமையை ஷாஃபிஈகள் ஏற்கின்றனர். ஹனஃபிகள் அந்த ஹதீஸுக்கு வேறு விளக்கம் தருகின்றனர். மூன்று நாள் வரை நிபந்தனையிட்டு யோசிக்கும் உரிமையும் குறை கண்டால் திருப்பித் தரும் உரிமையும் இரு தரப்பாரிடமும் உண்டு. இளையோருக்குக் கற்பிக்க வேண்டிய சுவையான பகுதி, உரிமை எங்கே முடிகின்றது என்பதிலேயே உள்ளது. பாலைக் கறக்காமல் மடியைப் பெருக்க வைத்து ஆட்டை விற்றால், ஷாஃபிஈகளின்படி வாங்கியவர் திருப்பித் தரலாம். பொருளிலேயே செய்த ஏமாற்று அது. ஆனால் கண்ணாடித் துண்டைத் தானாகவே இரத்தினம் என எண்ணிப் பெரும் விலைக்கு வாங்கியவருக்குத் திருப்பித் தரும் உரிமை இல்லை. விசாரிக்காதது அவர் தவறு. இவ்விரண்டுக்கும் நடுவே ஓர் எடுத்துக்காட்டை மின்ஹாஜ் வைக்கின்றது. அடிமை வணிகம் நிலவிய காலத்துச் செய்தி அது. அடிமையின் ஆடையில் மையைத் தடவி, எழுதத் தெரிந்தவன் போலத் தோற்றம் தந்து விற்றால் என்ன? வலுவான கூற்றின்படி உரிமை இல்லை. மைக்கறையைக் கண்டு எழுத்தாளன் என்று முடிவு செய்யலாமா, கேட்டிருக்க வேண்டாமா என்பது வாதம். இன்று நடிகரின் கையில் இருப்பதால் ஒரு பானத்தை வீரத்தின் சின்னமாக எண்ணும் சிறுவனிடம் இந்த மைக்கறையைப் பற்றிப் பேசினால் அவனுக்கு உடனே புரியும்.

குறை கண்டால் உடனே திருப்பித் தர வேண்டும் என்பதும் வாங்குபவரின் கடமை. தொழுதுகொண்டோ சாப்பிட்டுக்கொண்டோ இருந்தால் முடித்துவிட்டுப் போகலாம். இரவு என்றால் விடியும் வரை பொறுக்கலாம். இடையில் அப்பொருளைப் பயன்படுத்தினால் உரிமை போயிற்று. ஒரு மாதம் அணிந்து தேய்த்த செருப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்காரருடன் சண்டைக்குப் போகும் இளைஞனுக்கு இச்சட்டம் கொஞ்சம் கசக்கலாம்.

சிறுவனைக் கடைக்கு அனுப்பிய ஆட்சிகள்

சந்தையைக் கண்காணிக்க ‘ஹிஸ்பா’ எனும் துறையும், அதற்கு ‘முஹ்தஸிப்’ எனும் அதிகாரியும் இருந்ததை வாசகர்கள் அறிவர். கி.பி. 1193 அளவில் மறைந்த ஷைஸரீ எழுதிய வழிகாட்டி நூல், ரொட்டி சுடுபவர் முதல் மருந்துக் கடைக்காரர் வரை ஒவ்வொரு தொழிலின் தில்லுமுல்லுகளையும் விரிக்கின்றது. எடைக்கற்கள் இரும்பினால் ஆனவையாக இருக்க வேண்டும், கல்லால் ஆனவை தேயும் என்கின்றது. பாலில் ஒரு முடியைத் தோய்த்து எடுத்துப் பார்த்தால், அதில் பால் ஒட்டாதபோது தண்ணீர் கலந்திருப்பது தெரியும் என்கின்றது. இன்னும் சில மோசடிகளைத் தாம் அறிந்தும், தீயவர்கள் கற்றுக்கொள்வார்கள் என அஞ்சி எழுதாமல் விட்டதாகவும் ஷைஸரீ குறிப்பிடுகின்றார். பிள்ளைகளுக்கு ஏமாற்று வித்தைகளை எவ்வளவு சொல்லித் தருவது என்று தயங்கும் எந்த ஆசிரியருக்கும் இத்தயக்கம் விளங்கும். அதே நூல் மக்தப் ஆசிரியர்களுக்கும் ஒரு பாடம் ஒதுக்கியிருக்கின்றது. பிள்ளைகளைக் கடுமையாக அடிக்கிறார்களா, சொந்த வேலைக்கு ஏவுகிறார்களா என்பதைப் பார்ப்பதும் முஹ்தஸிபின் பொறுப்பே. சந்தையும் பள்ளியும் ஒரே அதிகாரியின் கண்ணில் இருந்தன.

அந்தலூஸ் பற்றிய செய்தி இன்னும் சுவையானது. கி.பி. 1632 இல் மறைந்த மக்கரீ தமது ‘நஃப்ஹுத் தீப்’ எனும் பெருநூலில் அங்குள்ள முஹ்தஸிபுகளின் நடைமுறையை விவரிக்கின்றார். ரொட்டிக்கு விலைக்கேற்ற எடை நிர்ணயிக்கப்பட்டிருந்தது. இறைச்சியின் மீது விலை எழுதிய சீட்டு வைக்கப்பட்டிருந்தது. இதனால், சிறுபிள்ளையையோ விவரம் போதாத பணிப்பெண்ணையோ கடைக்கு அனுப்பினாலும், எடைகளில் தேர்ந்தவர் கொண்டு வருவதற்குச் சமமாகவே அவர்களும் கொண்டு வருவார்கள் என்பது அவர் கூறும் பயன். அது மட்டுமன்று. முஹ்தஸிப் இரகசியமாகச் சிறுவனையோ பணிப்பெண்ணையோ கடைக்கு அனுப்பி வாங்கச் செய்து, வாங்கி வந்ததை நிறுத்துப் பார்ப்பார். குறை இருந்தால் அக்கடைக்காரர் ஊராரிடம் எப்படி நடந்துகொள்வார் என்பதை அதைக் கொண்டே முடிவு செய்வார். திருந்தாதவர் இறுதியில் ஊரைவிட்டே விலக்கப்படுவார்.

இந்தியாவிலும் இதையொத்த செய்தி உண்டு. அலாவுத்தீன் கில்ஜி (ஆட்சி 1296 – 1316) டில்லிச் சந்தைகளில் விலைகளை நிர்ணயித்தபோது, தம்மிடமிருந்த சிறு அடிமைச் சிறுவர்களின் கையில் காசு கொடுத்து ரொட்டியும் பிறவும் வாங்கி வரச் செய்து எடையைச் சரிபார்த்ததாக, 1357 இல் தம் வரலாற்றை முடித்த ஸியாவுத்தீன் பரனீ எழுதுகின்றார். எவ்வளவு குறைகின்றதோ அவ்வளவு சதை கடைக்காரரின் உடலிலிருந்து அறுக்கப்பட்டது என்றும் எழுதுகின்றார். இத்தண்டனைக்கு ஃபிக்ஹில் எந்த ஆதாரமும் இல்லை. சுல்தான்களின் கொடுமையை இஸ்லாமிய நீதி என்று பெருமை பேசும் பழக்கத்தை நாம் விட்டாக வேண்டும். நமக்கு வேண்டியது வேறு செய்தி. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரு ஆட்சிகள், சந்தையின் நேர்மையை அளக்கச் சிறந்த கருவி அங்கு வரும் மிகச் சிறியவரே என்று கண்டுகொண்டன. ஆனால் இரு இடங்களிலும் சிறுவன் கருவி மட்டுமே. வாங்கி வந்தவன் என்ன கற்றான் என்று முஹ்தஸிபும் கேட்கவில்லை, சுல்தானும் கேட்கவில்லை. அதைக் கேட்டது ஹஜ்ர் பாடம் எழுதிய ஃபகீஹ்தான்.

இன்றைய சட்டம், இன்றைய பிள்ளை

ஹிஸ்பா மறைந்த பின் வந்த வரலாறு சுருக்கமானது. 1962 மார்ச் 15 இல் அமெரிக்க அதிபர் கென்னடி நுகர்வோரின் நான்கு உரிமைகளை அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு எடுத்துரைத்தார். 1985 இல் ஐ.நா. பொதுச்சபை வழிகாட்டு நெறிகளை ஏற்றது. இடையில் நடந்தவற்றில் நம்மவர்களின் பங்கை நாமே அறியாமல் இருக்கின்றோம். உலக நுகர்வோர் சங்கங்களின் கூட்டமைப்புக்குத் தலைமை ஏற்ற முதல் மூன்றாம் உலகத்தவர் மலேசியாவின் அன்வர் ஃபஸல். 1983 முதல் மார்ச் 15 உலக நுகர்வோர் உரிமை நாளாகக் கொண்டாடப்படுவதற்கு வித்திட்டவர் அவர். உரிமைகளோடு பொறுப்புகளையும் சேர்த்துப் பேச வேண்டும் என்று வலியுறுத்தியவரும் அவரே. அவருடைய களமான பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தைப் பல பத்தாண்டுகள் வழிநடத்திய எஸ்.எம். முஹம்மது இத்ரீஸ் (1926 – 2019) தமிழ் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து பினாங்கில் வணிகம் செய்தவர். வணிகர் ஒருவர் வாங்குநரின் பக்கம் நின்று வாழ்நாள் முழுதும் வழக்காடியதை நம் பிள்ளைகளுக்கு எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. ‘பயனீட்டாளர்’ எனும் சொல்லே மலேசியத் தமிழர் தந்த கொடை. ‘நுகர்வோர்’ என்பதைவிட எனக்கு அது பிடித்திருக்கின்றது.

இந்தியாவின் 1986 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு உரிமைகளைப் பட்டியலிட்டது; ஆறாவது, நுகர்வோர் கல்வி பெறும் உரிமை. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019 ஆம் ஆண்டுச் சட்டத்தில் அவ்விடத்தில் ‘விழிப்புணர்வு’ எனும் சொல் அமர்ந்தது. சொல் மாற்றம் சிறிதாகத் தோன்றலாம். கல்வி என்றால் ஆசிரியரும் பாடமும் சோதனையும் வேண்டும்; விழிப்புணர்வுக்குச் சுவரொட்டி போதும். 2002 முதல் பள்ளிகளில் நுகர்வோர் மன்றங்கள் தொடங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நல்ல ஆசிரியர் வாய்த்த பள்ளிகளில் அவை உயிரோடு இருக்கின்றன. பிற இடங்களில் டிசம்பர் 24 ஆம் நாள் தேசிய நுகர்வோர் தினத்தன்று ஒரு பேச்சுப்போட்டியோடு அவற்றின் ஆண்டு முடிந்து விடுகின்றது.

இளையோரின் சட்டநிலை இன்றும் பழைய முடிச்சில்தான் இருக்கின்றது. பதினெட்டு வயது நிரம்பாதவரின் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று மோஹரி பீபி வழக்கில் 1903 இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. இந்தியாவில் இன்றும் அதுவே அடிப்படை. இளவருக்காக அவருடைய பெற்றோரோ சட்டப்படியான பொறுப்பாளரோ முறையிடலாம் என்று 2019 ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாக எழுதியது. மின்ஹாஜின் வலீ வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கின்றார். இமாம் ஃகஸ்ஸாலீ (ரஹ்) இஹ்யாவில் வணிகருக்குச் சொன்ன எச்சரிக்கையையும் இங்கு நினைக்கலாம். பாலிகு ஆகாத பிள்ளையோடு வணிகம் செய்யக் கூடாது. பிள்ளையிடமிருந்து பெற்றதற்கு வணிகர் பொறுப்பு, பிள்ளையிடம் கொடுத்தது தொலைந்தால் நட்டமும் வணிகருக்கே. சில்லறைக்குப் பதிலாக மிட்டாயைச் சிறுவனின் கையில் திணிக்கும் கடைக்காரர், அப்படிச் செய்யும்போது எதைச் சுமக்கின்றார் என்பதை அவரும் அறியார், சிறுவனும் அறியான்.

சென்ற ஆண்டு ஒரு மதரஸாவின் மேல்வகுப்பு மாணவர்களிடம் ஹஜ்ர் பாடத்தைப் பற்றிப் பேச அழைக்கப்பட்டேன். கிதாபின் வரிகளுக்குப் பொருள் சொல்வதில் எவரும் தடுமாறவில்லை. பிறகு ஒரு எண்ணெய்ப் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, இதில் நிகர எடை எங்கே, அதிகபட்ச சில்லறை விலை எங்கே, தயாரித்த மாதம் எங்கே, முறையீட்டுக்கான தொலைபேசி எண் எங்கே என்று கேட்டேன். விலையை உடனே காட்டினார்கள். மற்றவற்றுக்குப் பொட்டலம் வகுப்பு முழுதும் சுற்றி வர வேண்டியிருந்தது. அவர்களில் பலரிடம் கைப்பேசி இருந்தது. விளையாட்டுச் செயலிகளில் பணம் கட்டியிருப்பதாகச் சிலர் சிரித்தபடி ஒப்புக்கொண்டனர். யார் கணக்கிலிருந்து என்று கேட்டபோது, வாப்பாவின் கணக்கிலிருந்து என்றார்கள். வாப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன். குறுஞ்செய்தி வரும்போது தெரியும் என்றான் ஒருவன்.

சோதனை இரண்டு தடவையோ அதற்கு மேலோ நடக்க வேண்டும் என்று நவவி இமாம் நிபந்தனை வைக்கின்றார். ஒரு முறை சரியாக வாங்கி வருவது தற்செயலாகவும் இருக்கலாம் என்பது அதன் காரணம். அந்தச் சோதனை நடக்கும் கடையில் இரண்டு பேர் நிற்கின்றார்கள். பிள்ளை கேட்கின்றான், பார்க்கின்றான், பேசுகின்றான். பொறுப்பாளர் பக்கத்தில் வாய் திறக்காமல் நின்று, கடைசி வாக்கியத்தை மட்டும் தாம் சொல்கின்றார். கைப்பேசியில் நடக்கும் வாங்கலில் கடைசி வாக்கியத்தைப் பிள்ளை சொல்லி முடித்து விடுகின்றான்; பொறுப்பாளர் மறுநாள் குறுஞ்செய்தியைப் பார்த்த பிறகே கடைக்குள் நுழைகின்றார்.